காலிப் பாட்டிலுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

ஆறு பேரை வைத்து வீடுகளையும் அலுவலகங்களையும் சுத்தம் செய்து தரும் சிறிய தொழில் நடத்துகிறீர்கள். மாதக் கடைசியில் குவியும் காலிப் பாட்டில்கள், நைந்த துணிகள், குப்பைப் பைகள் ஆகியவற்றை எப்படி மறுசுழற்சிக்கு அனுப்புவது, எந்தப் 'பசுமை'த் திரவத்தை வாங்கினால் 'நாங்கள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவர்கள்' என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். அந்த வாக்கியத்தைப் பொய்யில்லாமல் சொல்ல என்னென்ன மாற வேண்டும் என்பதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஏழு ஆண்டுகள் வாளியும் மாப்பும் தூக்கினேன், பிறகு மேற்பார்வை, இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி. என் அனுபவம் வீடு, அலுவலகம், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு முடிகிறது. மருத்துவமனைக்கும் உணவு தயாரிக்கும் ஆலைக்கும் இங்கே சொல்வதை அப்படியே கொண்டு போகாதீர்கள். அங்கே கிருமி பற்றிய விதிகள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும்.

1959-இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சுத்தம் செய்யும் வேலையை ஒரு வட்டமாக விளக்கினார். ரசாயனம், தேய்ப்பு, வெப்பம், நேரம் என்று அந்த வட்டத்தில் நான்கு துண்டுகள். ஒரு துண்டு சுருங்கினால் மற்றவை விரிந்து அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். அழுக்கு போக வேண்டுமானால் வட்டம் முழுதாக இருந்தே தீர வேண்டும். பயிற்சி வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் இதைத்தான் வரைகிறேன். உங்கள் தொழிலில் ரசாயனம் எவ்வளவு செலவாகிறது என்பதைக் கடையில் எடுக்கும் முடிவைவிட, ஒரு குளியலறைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறீர்கள் என்ற முடிவே அதிகம் தீர்மானிக்கிறது. நேரம் போதாத பணியாளர் கூடுதலாக ஊற்றுவார். அவர்மேல் குற்றமில்லை. அவருக்குக் கொடுத்த வட்டத்தில் நேரத்தின் துண்டை நாம்தான் வெட்டி எடுத்தோம்.

நேரம் கொடுப்பது என்றால் கூடுதல் கூலி என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வேலையின் வரிசையை மாற்றினாலே போதும். குழாயடியில் படிந்த உப்புக்கறையை எடுத்துக்கொள்ளுங்கள். கறை நீக்கியைத் தெளித்த கையோடு தேய்த்தால் போகாது. மறுபடி தெளிப்பார், மறுபடி தேய்ப்பார். உள்ளே நுழைந்தவுடன் கழிப்பறைக் கிண்ணத்திலும் கறை பிடித்த இடங்களிலும் திரவத்தை இட்டுவிட்டு, பிறகு கண்ணாடி, அலமாரி, கதவு என்று முடித்துக்கொண்டு திரும்பி வந்தால் கறை தளர்ந்திருக்கும். அதே நிமிடங்கள்தான் ஆகும், திரவமும் தோள்வலியும் குறையும். என் குழுக்களில் வேறு எந்த மாற்றத்தையும்விட இதுதான் அதிகப் பயன் தந்தது.

அடுத்து, அளவு. உடனே பயன்படுத்தும்படி ஸ்பிரே பாட்டிலில் விற்கப்படும் பொதுவான திரவங்களில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் அடைத்து, லாரியில் ஏற்றி, தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்துக்கே கொண்டு வருகிறோம். செறிவான திரவத்தை வாங்கி நீங்களே கலந்தால் அந்தச் சுமை போய்விடும். ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் என்று குறிப்பிட்ட ஐந்து லிட்டர் கேனிலிருந்து அரை லிட்டர் பாட்டில்கள் ஆயிரத்தை நிரப்பலாம். மறுசுழற்சிக்கு எங்கே அனுப்புவது என்று நீங்கள் கேட்ட பாட்டில்களில் பெரும்பாலானவை உருவாகவே உருவாகாது.

ஆனால் செறிவான திரவம் கண்ணளவில் ஊற்றும் கைக்குப் போனால் நன்மை தலைகீழாகிவிடும். பணியாளர்களிடம் 'நுரை வந்தால்தான் சுத்தம்' என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேவைக்கு மேல் போன சோப்புப் பொருள் தரையில் காய்ந்து பிசுக்காக நிற்கும். அந்தப் பிசுக்கு அடுத்த நாளின் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரை மங்கலாகிறது என்று வாடிக்கையாளர் குறை சொல்வார், பணியாளர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். இந்தச் சுழலில் சிக்கிய தரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் இடத்திலும் அப்படியா என்று தெரிந்துகொள்ள, வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் தரையில் ஒரு சிறு பகுதியைத் தேய்த்துப் பாருங்கள். சோப்பே சேர்க்காத இடத்தில் நுரை எழுந்தால், பழைய சோப்பு அங்கே குடியிருக்கிறது. சில வாரங்கள் வெறும் தண்ணீரால் துடைத்தாலே பெரும்பாலான தரைகள் தெளிந்துவிடும். அளவுக் குவளையோ கேன் வாயில் பொருத்தும் அளவு பம்போ கட்டாயம் வாங்குங்கள். முதலில் தண்ணீர், பிறகு திரவம் என்ற வரிசையில் கலந்தால் நுரையும் தெறிப்பும் குறையும். நிரப்பிய ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், கலவை விகிதம், தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். குடிநீர்ப் பாட்டிலில் ஒருபோதும் நிரப்ப விடாதீர்கள்.

கிருமிநாசினிக்கு மட்டும் கணக்கு வேறு. சிக்கனம் என்று நினைத்து அதை அதிகமாக நீர்த்துவிட்டால் கிருமி சாகாது, ஊற்றியதும் வீண். ஒவ்வொரு கிருமிநாசினியும் பரப்பின்மேல் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்க வேண்டும் என்பது அதன் லேபிளிலேயே இருக்கும். சிலவற்றுக்கு ஒரு நிமிடம், சிலவற்றுக்குப் பத்து நிமிடம். அழுக்கைத் துடைக்காமல் அதன்மேல் தெளித்தால் திரவத்தின் வீரியத்தை அழுக்கே குடித்துவிடும். கழிப்பறை, குழாய்ப்பிடி, கதவுக் கைப்பிடி, மின் பொத்தான் போன்ற கை படும் இடங்களுக்கு அதை ஒதுக்குங்கள். சாதாரண அலுவலகத் தரைக்கும் சுவருக்கும் வழக்கமான சுத்தமே போதும்.

வினிகரும் சமையல் சோடாவும் மட்டும் வைத்துத் தொழில் நடத்தலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வினிகர் ஓர் அமிலம், உப்புக்கறையைக் கரைக்கும், இது உறுதி. அதே குணத்தால் பளிங்குக் கல்லையும் அரித்து மங்கவைக்கும். முறையான கிருமிநாசினிக்கு அது மாற்றாகாது. இரண்டையும் சேர்த்தால் பொங்கும் நுரை பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும், அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதன் அடையாளம்தான் அது. மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் ஆறு பேருக்கும் நேரில் சொல்லுங்கள். பிளீச்சோடு வினிகரையோ அமிலக் கழிப்பறைத் திரவத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அம்மோனியா கலந்த திரவத்தைச் சேர்த்தால் குளோரமைன் வாயுக்கள் வரும். கதவடைத்த சிறு கழிப்பறையில் இரண்டுமே உயிருக்கு ஆபத்து. 'இயற்கைப் பொருள்தானே' என்ற தைரியத்தில் கலப்பவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

லேபிள்களுக்கு வருகிறேன். 'இயற்கை', 'பசுமை', 'பூமியின் நண்பன்' போன்ற சொற்கள் பல நேரம் வெளியார் யாரும் சோதிக்காமலே அச்சாகின்றன. 'மக்கும் தன்மை கொண்டது' என்பது கொஞ்சம் மேல், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-இல் நடைமுறைக்கு வந்த சலவைப் பொருள் விதியே, அவற்றின் நுரைக்கும் பொருட்கள் மக்கும் சோதனையில் தேற வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. அங்கே விற்கும் மிகச் சாதாரணத் திரவமும் அந்தத் தகுதியோடுதான் கடைக்கு வருகிறது. நான் நம்பிப் பார்ப்பது, தயாரிப்பாளருக்கு வெளியே உள்ள அமைப்பு சோதித்துத் தரும் முத்திரைகளை. ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் 1978-லிருந்தும், வட ஐரோப்பிய நாடுகளின் நார்டிக் ஸ்வான் 1989-லிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோலேபிள் 1992-லிருந்தும் இருக்கின்றன. அமெரிக்காவில் கிரீன் சீல் முத்திரையும் அரசின் சேஃபர் சாய்ஸ் முத்திரையும் உண்டு. முத்திரை இல்லாததெல்லாம் கெட்டது என்று பொருளில்லை. கட்டணம் கட்டிச் சோதனைக்குப் போக முடியாத சிறு தயாரிப்பாளரும் நல்ல பொருள் செய்யலாம். திரவத்தில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாளை அவரிடம் கேளுங்கள், தயங்காமல் தருகிறாரா என்று பாருங்கள்.

துணிகளில் மைக்ரோஃபைபர் பற்றி உறுதியானதும் இருக்கிறது, வாதத்தில் இருப்பதும் இருக்கிறது. பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த அந்த இழைகள் முடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகப் பிளக்கப்பட்டவை. அதனால் வெறும் தண்ணீரிலேயே தூசியையும் விரல் ரேகையையும் எடுத்துவிடும். ஒழுங்காகத் துவைத்தால் நூற்றுக்கணக்கான முறை உழைக்கும். துணி மென்மையாக்கும் திரவம் இழைகளின் இடைவெளியை அடைத்துவிடும், பிளீச்சும் கடும் சூடும் இழையைக் கெடுக்கும், பருத்தியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் என் கையால் கெடுத்தும் காப்பாற்றியும் கற்றவை. ஒவ்வொரு சலவையிலும் அது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் உதிர்க்கிறது என்பதும் உறுதி. அந்தக் கெடுதலையும், பருத்தி விளைய ஆகும் தண்ணீரையும், கூடுதலாகச் செலவாகும் ரசாயனத்தையும் ஒரே தராசில் வைத்தால் எது கனம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. நான் மைக்ரோஃபைபரை வைத்துக்கொண்டு உதிர்வைக் குறைக்கும் பக்கம் நிற்கிறேன். சலவை இயந்திரத்தை நிறைத்து ஓட்டுங்கள், குறைந்த சூடும் குறுகிய சுற்றும் வையுங்கள், கழிவுநீர்க் குழாயில் வடிகட்டி பொருத்த முடிந்தால் பொருத்துங்கள்.

துணிக்கு ஒரு வயது வரிசை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கண்ணாடிக்கு, சற்று நைந்ததும் மேசைக்கு, பிறகு கழிப்பறைக்கு, கடைசியாக ஒருமுறை மட்டும் துடைத்து எறியும் கொடுமையான எண்ணெய்ப் பிசுக்குக்கு. கீழே இறங்கிய துணி மறுபடி மேலே ஏறக்கூடாது. அதற்காக ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு மூலையைக் கத்தரித்துவிடச் சொல்வேன். இரண்டு மூலை இல்லாத துணி மேசைப் பக்கம் வராது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விரலில் தெரியும். கழிப்பறைத் துணிக்குத் தனி நிறம் வைப்பதும் அவசியம். எது எங்கே துடைத்தது என்று தெரியாத பயத்தில்தான் நல்ல துணிகள் குப்பைக்குப் போகின்றன.

குப்பைப் பை உங்கள் தொழிலின் மிகப் பெரிய பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும், எண்ணிப் பாருங்கள். இரண்டு காகிதத் துண்டு கிடக்கும் கூடைக்குத் தினமும் பை மாற்றுகிறோம். ஈரமில்லாத கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பையை அப்படியே விடலாம் என்று வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். மேசைக்கு ஒரு கூடை என்பதை மாற்றித் தளத்துக்கு இரண்டு மூன்று பொதுக் கூடைகள் வைத்தால் பைகள் இன்னும் குறையும். சேர்மானம் கலந்து வெயிலில் பொடிப்பொடியாகும் 'ஆக்சோ' வகைப் பைகளை வாங்க வேண்டாம். அவை சிறு துண்டுகளாகின்றன, மறைவதில்லை. 2019-இன் ஐரோப்பிய உத்தரவு 2021 ஜூலை முதல் அவற்றைத் தடை செய்தது. மட்கும் பைகளில் பல, குப்பையை உரமாக்கும் ஆலை உரக்கிடங்கின் ஐம்பது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை மனத்தில் வைத்துச் சான்று பெற்றவை. குப்பைக் கிடங்கில் புதைந்தால் அப்படி மட்கும் என்ற உறுதி கிடையாது. அவற்றை ஏற்கும் உரக்கிடங்கு உங்கள் குப்பையை எடுக்கிறது என்றால் மட்டும் வாங்குங்கள். மற்றபடி, பழைய பிளாஸ்டிக்கிலிருந்து செய்த கறுப்புப் பை மேல்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட மறுசுழற்சி. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டு வந்தது. அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்லும், மறுசுழற்சி ஆகும் என்ற வாக்குறுதியைத் தராது. துப்புரவுத் திரவக் கேன்கள் பெரும்பாலும் 2-ஆம் எண், அதற்குப் பல இடங்களில் எடுப்பவர் உண்டு. கேனைக் கழுவிய தண்ணீரை வீணாக்காமல் அதையே அடுத்த கலவைக்கு ஊற்றுங்கள். ஸ்பிரே விசைக்குள் பலவகைப் பிளாஸ்டிக்கும் உலோகச் சுருளும் சேர்ந்திருப்பதால் அதைக் கழற்றி அடுத்த பாட்டிலில் மாட்டுவதே சிறந்தது. கை துடைத்த காகிதம் ஏற்கெனவே குட்டையான இழை, ஈரம் வேறு, காகித ஆலைக்கு உதவாது. லித்தியம் பேட்டரியைக் குப்பையில் போட்டால் குப்பை லாரி தீப்பிடிக்கலாம், முனைகளில் ஒட்டுநாடா ஒட்டித் தனியாகச் சேருங்கள். குழல் விளக்கில் பாதரசம் உண்டு, உடைக்காமல் ஒப்படையுங்கள். உங்கள் ஊரில் எதை யார் ஏற்கிறார் என்பதை எடுப்பவரிடமே நேரில் கேளுங்கள். 'போட்டு வைப்போம், ஆகட்டும்' என்று தகாததைப் போடுவது, நல்லதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இதில் உங்கள் குப்பையைவிட வாடிக்கையாளரின் குப்பை பல மடங்கு பெரிது. நான் தொடக்கத்தில் வேலை செய்த இடத்தில் தள்ளுவண்டியில் ஒரே ஒரு பைதான் தொங்கும். அந்த அலுவலகத்தில் காகிதத்துக்கு ஒரு கூடை, மற்றவற்றுக்கு ஒரு கூடை என்று ஒழுங்காகப் பிரித்துப் போடுவார்கள். இரண்டையும் நான் ஒரே பையில் கொட்டுவேன். ஒரு மாலை, வேலை முடிந்தும் கிளம்பாத ஓர் ஊழியர் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. 'இத்தனை நாளும் இப்படித்தானா, அம்மா?' என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் காகிதக் கூடையிலும் எல்லாக் குப்பையும் கிடந்தது. அவர்கள் பிரிப்பதை விட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. வண்டியில் இரண்டு பைகள் தொங்கவிட ஒரு கொக்கி போதுமாக இருந்தது. இன்று நான் பயிற்சி தரும் எவரும் ஒற்றைப் பை வண்டியோடு வேலைக்குப் போவதில்லை. பிரித்த குப்பை கீழே இறங்கிய பிறகு எங்கே போகிறது என்பதையும் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை உங்கள் பணியாளர்களுக்கும் சொல்லுங்கள். தன் கைவேலை கடைசியில் கலக்கப்படுவதில்லை என்று தெரிந்தவர் கவனமாகப் பிரிப்பார்.

மாப் வாளித் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைக் கழிப்பறையிலோ கழுவுதொட்டியிலோ ஊற்ற வேண்டும், வாசல் ஓரத்து மழைநீர் வடிகாலில் ஊற்றக்கூடாது. பல இடங்களில் மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடாமல் நேரே ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிறது. தரை மெழுகை உரித்தெடுக்கும் வேலை செய்தால் அந்தக் கழிவில் கடும் காரமும், பல மெழுகுகளில் துத்தநாகமும் இருக்கும். அதை எங்கே விடலாம் என்று கழிவுநீர் அலுவலகத்தில் கேட்காமல் விடாதீர்கள். வாசலில் நான்கைந்து அடி எடுத்துவைக்கும் நீளத்துக்கு மிதியடி விரித்தால் அந்த உரிக்கும் வேலையே அரிதாகிவிடும், ஏனென்றால் தரைக்கு வரும் மண் பெரும்பாலும் செருப்பில்தான் வருகிறது.

உங்கள் ஆறு பேரின் நுரையீரலும் இந்தக் கணக்கில் வரும். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. துப்புரவு வேலை செய்த பெண்களுக்கும், வீட்டில் வழக்கமாகச் சுத்தம் செய்த பெண்களுக்கும் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை, ஆய்வில் துப்புரவு வேலை செய்த ஆண்களும் குறைவு. இது மக்களைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வு மட்டுமே, காரணத்தை முடிவாக நிறுவிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பொறுத்திருக்க எனக்கு மனமில்லை. காற்றில் தெளிப்பதைக் குறைத்துத் துணியில் நனைத்துத் துடைப்பதற்கு ஒரு செலவும் இல்லை. மூக்கை எரிக்கும் மூடுபனி குறைகிறது, திரவமும் மிச்சமாகிறது. வாசனைத் திரவியம் சேர்க்காத வகைகளையும் முயன்று பாருங்கள். சில வாடிக்கையாளர்கள் 'மணமே இல்லையே, துடைத்தீர்களா?' என்று கேட்பார்கள். பொறுமையாக விளக்குங்கள், பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

வாடிக்கையாளரிடம் என்ன சொல்லலாம் என்பதற்கு இப்போது வருகிறேன். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தவர்கள்' என்ற பொதுச் சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன், அதை மெய்ப்பிக்க யாராலும் முடியாது. நீங்கள் செய்வதை அப்படியே சொல்லுங்கள்: 'செறிவான திரவத்தை அளந்து கலக்கிறோம். ஸ்பிரே பாட்டில்களை மறுபடி நிரப்புகிறோம். உங்கள் பிரித்த குப்பையைப் பிரித்தபடியே இறக்குகிறோம்.' இவற்றை எந்த வாடிக்கையாளரும் உங்கள் வண்டியைத் திறந்து சரிபார்க்கலாம். எண் சொல்ல விரும்பினால் முதலில் எண்ண வேண்டும். ஒரு நோட்டில் இந்த மாதம் வாங்கிய திரவம் எத்தனை லிட்டர், எத்தனை குப்பைப் பை, எத்தனை துணி வீசப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள், எதையும் மாற்றாமல். அடுத்த மாதம் அளவுக் குவளையையும் இரண்டாவது பைக் கொக்கியையும் கொடுங்கள். மூன்றாம் மாதம், நோட்டை மேசையில் விரித்து ஆறு பேரையும் உட்காரவைத்து, எந்த இடத்தில் நேரம் போதவில்லை என்று கேளுங்கள். எங்கே அதிகம் ஊற்றுகிறார்கள் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.